மூக்குக்கண்ணாடிக்காக உள்ளே போனவர்

என் ராக்கோழிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்படி எழுத எனக்குத் தைரியம் வந்ததே முந்தாநாள்தான். பகலெல்லாம் தூங்கி ராத்திரி முழுக்க மலை உச்சியில் நட்சத்திரம் பார்த்து விழித்திருக்கிறாயே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஸ்வெட்டரைப் பெட்டியில் பத்திரப்படுத்தாமல் போட்டுக்கொள்.

இனிச் சொல்வதைக் கேட்டுப் பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. போன வாரம் அப்பாவின் அச்சகத்தில், பைண்டிங் அறையை ஒட்டிய காகிதக் கிடங்கில் வயர் கருகித் தீப்பிடித்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள், உன் அப்பாவும்தான். வந்தவர் சும்மா நின்றாரா, மூக்குக்கண்ணாடியை மேஜையில் விட்டுவிட்டேன் என்று திரும்ப உள்ளே போய்விட்டார். கண்ணாடி கிடைத்தது, வாசல்தான் கிடைக்கவில்லை. முதலாளி போனில், "அண்ணி, கொஞ்சம் வாங்க" என்று மட்டும் சொன்னார். நான் போனபோது கதவு வழியாகப் புகை கறுப்பாகப் புரண்டு வருகிறது, டார்ச் அடித்தால் வெளிச்சம் ஒரு முழம்கூடப் போகவில்லை. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தீயணைப்பு வண்டியில் வந்தவர்களில் உன் வயதுப் பெண் ஒருத்தி, கையில் கேமரா மாதிரி ஒன்றைப் பிடித்தபடி உள்ளே போய், தரையோடு தரையாகக் கிடந்தவரை இழுத்துக்கொண்டு வந்தாள். எப்படியம்மா கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "புகை வெளிச்சத்தத்தான் மறைக்கும், உடம்புச் சூடு இதுல தெரியும்மா. மெஷினுக்குப் பக்கத்துல அவரு தலை மட்டும் வெள்ளையா தெரிஞ்சுது" என்றாள். வெறும் கண்ணுக்குக் கறுப்பாக இருக்கும் வானத்துத் தூசி மேகத்தை அகச்சிவப்பில் எடுத்தால் உள்ளே குஞ்சு நட்சத்திரங்கள் தெரியும் என்று நீ படம் அனுப்பினாயே, மை கொட்டின தாள் மாதிரி இருக்கிறது என்று உன்னைக் கேலி செய்த அதே மனுஷன், ஆம்புலன்ஸில் மாஸ்க்கை விலக்கி, "இது இன்ஃப்ராரெட்தானே? நட்சத்திரம் பொறக்கறத எம் பொண்ணு இதுலதான் பாக்கறா" என்று அவளிடம் ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் மாஸ்க்கை இழுத்து மாட்டி, "பொண்ணு பெருமைய அப்புறம் பேசலாம் சார்" என்றாள். உன் கருவி வேறு, இது வேறு என்று நீ திருத்துவாய், தெரியும். அவரிடம் போய்ச் சொல்லிப் பார்.

உடனே சொல்லாததற்குத் திட்டாதே. டெலஸ்கோப்பில் உனக்கு ஒதுக்கிய ராத்திரிகளை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய் என்று அப்பாதான் என் வாயைக் கட்டிவைத்தார். இப்போது இருமல் மட்டும் பாக்கி. வேலைக்குப் போகக்கூடாதென்று டாக்டர் சொன்னதில் என் பாடுதான் திண்டாட்டம். குழாய் ரிப்பேருக்கு வந்தவரைப் பிடித்து வைத்து, தூசி மேகம், சூடு, அகச்சிவப்பு என்று ஒரே பாடம், பாதி தப்பு. பாவம், அவர் ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார்.

வேலை முடிந்ததும் போன் செய். அப்பா உனக்கும் அதையேதான் விளக்குவார். குறுக்கே பேசாமல், இதையெல்லாம் இப்போதுதான் கேட்பவள் மாதிரி "அப்புறம்ப்பா?" என்று கேட்டுக்கொண்டிரு. நடுவில் பேச்சு நின்றால் போனை வைத்துவிடாதே. அந்தப் புகைக்குள் தனியாகக் கிடந்ததைப் பற்றி இன்னும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னிடம்கூட. உன்னிடம் சொல்வார்.

நோய்நொடியில்லாமல், நினைத்தது கைகூடி நல்லா இரு கண்ணே. ஸ்வெட்டரை மறக்காதே.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா