கோணிக்குள் சத்தமில்லாத பூனை

பூனைக்கும் எனக்கும் ஒரே தட்டில் சோறு வைத்த என் அண்ணே,

ஈப்போவில் எல்லாரும் சுகம். நான் ஒரு பள்ளிக்கூட அறிவியல் கூடத்தில் குடுவை கழுவுகிறேன். ஆசிரியர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். போன வாரம் பௌதிக ஆசிரியர் ஒரு கதை சொன்னார். வெள்ளைக்கார விஞ்ஞானி ஒருவர் பூனையை ஒரு பெட்டியில் அடைப்பதாகக் கற்பனை செய்தாராம். உள்ளே விஷக்குப்பி. ஓர் அணு சிதைந்தால் குப்பி உடையும். சிதையுமா என்று யாராலும் சொல்ல முடியாது. திறந்து பார்க்கும்வரை பூனை செத்தும் இருக்கிறது, உயிரோடும் இருக்கிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சுங்காய்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, நாம் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தபோதே இதைச் செய்துவிட்டோமே! வழி தெரிந்தால் பூனை திரும்பி ஓடிவிடும் என்று கோணியில் போட்டு, வாயை இறுகக் கட்டி, ஈப்போ பஸ்ஸில் ஏற்றினாய். பஸ் தாப்பா ஊரைத் தாண்டியதிலிருந்து கோணிக்குள் சத்தமே இல்லை.

“செத்துப் போச்சுண்ணே, அவுத்துப் பாரு,” என்று அழுதேன்.

“உசுரோடதான் இருக்குலா. இப்ப அவுத்தா ஓடிரும். வீட்டுல போயி பாக்கலாம்.”

காம்பார் தாண்டியும் எனக்கு அது செத்த பூனை, உனக்கு உயிருள்ள பூனை. வீட்டில் அவிழ்த்ததும் கொட்டாவி விட்டது. அந்த விஞ்ஞானி பூனை வளர்த்திருப்பாரா?

அப்புறம் சிங்கப்பூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, ஆணியடித்த பெட்டியில் நீ வந்தாய். திறக்கக் கூடாது என்றார்கள். வாய்க்கரிசியை மூடியின் மேல்தான் போட்டோம். வாயில் விழாத அரிசி செல்லாது என்று அம்மா உனக்குப் படையல் போட விட்டதே இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி உனக்கும் ஒரு சட்டை எடுக்கிறார். நாங்களும் ஒன்றும் கேட்பதில்லை.

நேற்று அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே கேட்டார்.

“அவனுக்கு வேற வேல இல்லையா? பெட்டில காத வச்சா தெரிஞ்சிட்டுப் போவுது.” இன்னும் நாலு தலையைக் கிள்ளிப் போட்டார். “நான் வச்சேன். எல்லாரும் வாசல்ல நின்னப்ப, மூடியில காத வச்சுக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்ல.”

நெத்திலித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“இந்தத் தீபாவளிக்கு அண்ணனுக்குப் படையல் போட்டுருவோம். எடுத்த சட்டைய அதுல வச்சிரு.”

அந்தக் கோணியும் சத்தமில்லாமல்தான் வந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. துக்கமாக இருந்தது அண்ணே. நிம்மதியாகவும் இருந்தது.

படையலுக்கு நெத்திலிச் சம்பல் நானே செய்கிறேன். நம் பூனையின் பேத்தி காக்கைக்கு முன்னால் வந்து இலையில் வாய் வைத்தாலும் விரட்ட மாட்டேன். சத்தியம்.

கோணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வந்த உன் தங்கச்சி,
செல்வி