காலித் தட்டில் உட்கார்ந்தவன்

வார்சா,
கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 1981

அன்புள்ள லெஷெக்,

நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இது பிரெஞ்சுத் தூதரகத்து மதாம் சோலாஞ்ச் கொண்டுபோகும் பையில் வருகிறது. தூதரகப் பை என்பதால் அதை நம் அரசாங்க ஆட்கள் பிரிக்க முடியாது. தபாலிலும் ஒரு கடிதம் வரும். அதுவும் என் கையெழுத்துதான், ஆனால் நம்பாதே.

இராணுவச் சட்டம் வந்ததிலிருந்து தொலைபேசி ஊமை. இருந்தும் பண்டிகைக்கு முந்தின மாலை கெண்டை மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். எதிர்பாராத விருந்தாளிக்கென்று வழக்கம்போல ஒரு தட்டைக் காலியாக வைத்திருந்தோம். உன் அப்பாவுக்கு அந்த விருந்தாளி நீதான். கதவு தட்டும் சத்தம் கேட்டதும், யாரென்று கேட்டுவிட்டுத் திறங்கள் என்று கத்தினேன். "இன்னிக்கு யாருன்னு கேக்கக் கூடாதும்மா. எம்புள்ளையாக்கூட இருக்கும்" என்று ஓடிப்போய்த் திறந்தார்.

வாசலில் போலீஸ்காரர்கள். முதல் தடியடியே அவர் தலையில் விழுந்தது. தடுக்கப்போன என் தம்பி வீடெக்கைக் கீழே தள்ளி மூன்று பேர் மிதித்தார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் அடுப்படிவரை கேட்டது. அவர்களுடைய அதிகாரி, பாவி, காலித் தட்டின் முன் உட்கார்ந்து மீனைத் தின்றான். "உப்பு பத்தல. பாரிஸ்ல நம்ம தூதரகத்துல மொழிபெயர்க்கிற உன் புருஷன், பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழனா? நாம பேசுறதையெல்லாம் பிரெஞ்சுக்காரன் காதுல ஓதுறானாம். ஊருக்கு வாடான்னா காய்ச்சலுங்குறான்!" என்றான்.

கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை அவன்மேல் வீசினேன். அலறினான். எனக்கு நிறைவாக இருந்தது, மறைக்க மாட்டேன். அதற்குக் கூலியாக என் இடது கை விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார்கள். வலது கையைத் தொடவில்லை. கடிதம் எழுத அது வேண்டுமே. "அப்பா சாகக் கிடக்கிறார், உடனே வா" என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.

வீடெக்கை இழுத்துப் போய்விட்டார்கள். எங்கே என்று எவனும் சொல்லவில்லை.

நீ வராதே. எது நடந்தாலும், யார் அழைத்தாலும் வராதே. இன்றே பிரெஞ்சுக்காரர்களிடம் அடைக்கலம் கேள். மானம் போகுமே என்று யோசிக்காதே, உயிர் இருந்தால்தான் மானம்.

அப்பாவைப் பற்றிக் கேட்பாய். கேட்காதே, லெஷெக். வந்துவிடுவாய்.

மாதா உன்னைக் காக்கட்டும். அடுத்த பண்டிகைக்கும் கதவைப் பார்த்தபடி உனக்கொரு தட்டு வைப்பேன். அதன் பக்கத்தில் அப்பாவின் தட்டும் காலியாக இருக்கும்.

உன்,
யோலாண்டா