செல்வியா, திருமதியா?

டீச்சர்,

இன்று காலை உங்கள் அண்ணன் மகன் பழனிசெட்டிபட்டியிலிருந்து போனில் ஒரு படம் அனுப்பினான். உங்கள் முப்பதாம் நாள் நினைவுக்கு அடிக்கப்போகும் பிளெக்ஸ். நரைத்த தலையோடு நீங்கள் சிரிக்கிறீர்கள். கீழே கொட்டை எழுத்தில் 'செல்வி'. எழுபது வயதில் செல்வி! கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"சின்னப் புள்ளைக்குப் போட்ட மாதிரி இருக்குன்னு வீட்ல சொல்றாக டீச்சர். திருமதின்னு மாத்திரவா? மரியாதையா இருக்கும்ல?"

மதியத்துக்குள் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஊர் பார்க்கப்போவது அந்தச் சொல்லோடுதான் உங்களை.

மரியாதை என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உங்களிடமிருந்து தொற்றிய சந்தேகம் அது.

ஒருநாள் ஆசிரியர் அறையில் கணக்கு சார், இங்கிலீஷ் டீச்சரான உங்களைச் சீண்டினாரே: "கல்யாணம் ஆகாதவுகளுக்கு இங்கிலீஷ்ல தனிச் சொல்லு இருக்காம்ல டீச்சர், ஸ்பின்ஸ்டர்னு?" நீங்கள் டிபன் டப்பாவைத் திறந்தபடியே சொன்னீர்கள்: "நூல் நூக்கிற பொம்பளைன்னு அர்த்தம் சார். நம்மூரு மில்லு பஸ்ல போற ஸ்பின்ஸ்டர்ல பாதிப் பேரு ரெண்டு புள்ள பெத்தவுக." எனக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பிறகு நிதானமாக விளக்கினீர்கள். மாஸ்டரும் மிஸ்ட்ரஸும் ஒரே வேர். அவன் இன்றும் எஜமான். அவள் சின்னவீடாகிப் போனாள். வெட்கங்கெட்டவள் என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹஸி' என்று திட்டுகிறார்களே, அது வீட்டை ஆண்ட 'ஹவுஸ்வைஃப்' தேய்ந்து வந்தது. "சொல்லு நல்லாத்தான் பொறக்குது. யாரு வாயில வளந்துச்சுன்னு பாக்கணும்."

தமிழில் அப்படி இல்லை என்று தமிழாசிரியை நான் பெருமை பேசினேன். "அப்பிடியா? வாழாவெட்டிக்கு ஆம்பளைச் சொல்லு ஒண்ணு சொல்லுங்க பாப்பம்" என்றீர்கள். இன்றுவரை எனக்கு அகப்படவில்லை.

உங்கள் அண்ணன் மகனிடம், "ரெண்டும் வேணாம்ப்பா, பேரு மட்டும் போடு" என்றேன்.

"மொட்டையா இருக்குமே. 'டீச்சர்'னாவது போடவா? ஊரே அப்பிடித்தான கூப்பிட்டாக."

தயங்கினேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஆண், பெண் கிடையாது. நம் பள்ளிக்கூடங்களில்தான் ஆண்கள் 'சார்', நாம் 'டீச்சர்'. அவர்களுக்குப் பட்டம், நமக்கு வேலை. பட்டம் அவர்களிடமே இருக்கட்டும். வேலையை நீங்கள்தானே செய்தீர்கள்?

"போடு" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை. இந்தச் சொல்லாவது கெடாமல் இருக்குமா என்று இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.