ஏழாவதும் எட்டாவதும்

கொழும்பு ஆஸ்பத்திரி,
2013 பெப்ரவரி 19

அன்புள்ள மச்சானுக்கு, உங்கள் ஃபாஹிமாவின் ஸலாம். கட்டாரில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கண்டக்குழியில் எல்லோரும் சுகம். அந்த எல்லோரிலும் என்னைச் சேர்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீங்கள் பதறுவீர்கள், நான் அழுவேன், லைனும் வெட்டுப்படும்.

முதலில் நல்ல செய்தி. மகள் றிஸ்மியாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. இப்போது சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். நெய்னார் நானாவின் படகு மீனுக்குப் போவதை விட்டுவிட்டு வெள்ளைக்காரர்களுக்கு டொல்பின் காட்டப் போகிறது. டொல்பின் வராத நாளில் நானா கடலோடு கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். நான் இங்கே வர வெளிக்கிட்ட அன்று கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி அசையாமல் கிடந்தது.

இனி என் கதை. நீங்கள் கட்டாருக்குப் போன வருஷமே என் வலது காது கூவத் தொடங்கியது. காது கூவினால் தூரத்தில் யாரோ நம்மை நினைக்கிறார்கள், உடனே நபி பேரில் ஸலவாத் ஓத வேண்டும் என்று உம்மா சொல்லித் தந்தது. எனக்குத் தூரத்தில் இருப்பது நீங்கள் ஒருவர்தானே. அரிசி களையும்போது கூவும், ஸலவாத் ஓதுவேன். உடுப்புக் காயப்போடும்போது கூவும், ஓதுவேன். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் எடுத்த நீங்கள் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருதரம் எடுத்தீர்கள், பிறகு மாதத்துக்கு ஒருதரம். நீங்கள் கதைக்கிற நேரம் குறையக் குறையக் காது கூவுகிற நேரம் கூடியது. மனிசன் வாயால் கதைப்பதை விட்டுவிட்டு மனதால் கதைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சிரிக்க வேண்டாம். ஒரு நாளும் நான் உங்களைக் குறை சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

பிறகு தரை மெல்லமாக ஆடத் தொடங்கியது. கிணற்றடிக்குப் போனால் மணல் எழும்பி எழும்பித் தாழும். எனக்கு அது பயமாக இல்லை, படகில் போகிற மாதிரி இருந்தது. சத்தமெல்லாம் இடப்பக்கத்திலிருந்தே வந்தது. வலப்பக்கப் பள்ளியில் பாங்கு சொன்னால் நான் இடப்பக்கம் திரும்பி முக்காட்டை இழுத்துவிடுவேன். பாதி உலகம் உறங்கிவிட்டது, மற்றப் பாதி என்னோடு கதைத்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன் மச்சான்.

போன மாதம் நீங்கள் எடுத்தபோது என் இடக் கை முழுக்க மாவு. போனை வலது காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. லைன் செத்துவிட்டது என்று உங்கள் ராத்தா ஹாஜரா மைனியிடம் கொடுத்தேன். மைனி உங்களோடு பத்து நிமிஷம் கதைத்தார். நான் மாவுக் கையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். செத்தது லைன் இல்லை, என் காது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மைனிதான் என்னைப் புத்தளத்துக்குக் கூட்டிப்போனார், அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள்.

தலையிலிருந்து பன்னிரண்டு சோடி நரம்புகள் புறப்படுகின்றனவாம். டொக்டர் ஒவ்வொன்றாக விசாரித்தார். கண்ணை மூடச் சொல்லிக் கராம்பு மணக்கத் தந்தார். விரலைப் பார்க்கச் சொன்னார், பல்லைக் கடிக்க, கன்னத்தை ஊத, தோளைத் தூக்க, நாக்கை நீட்டச் சொன்னார். பெரிய மனிசியான நான் கதிரையில் இருந்து எல்லாம் செய்தேன். மைனி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

படம் எடுத்துப் பார்த்தால் வலப்பக்கம் எட்டாவது நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லையாம், அல்ஹம்துலில்லாஹ். கேட்பதற்கும் விழாமல் நிற்பதற்கும் உரிய நரம்பு அது. கூவியதும் தரையை ஆட்டியதும் அந்தக் கட்டிதான். நீங்கள் இல்லை. டொக்டர் சொல்லி முடித்தபோது எனக்குக் கட்டியை நினைத்துப் பயம் வரவில்லை. உங்கள் மேல்தான் கோபம் வந்தது. இரண்டரை வருஷமாக ஒரு கட்டியை நம்பி நிம்மதியாக இருந்திருக்கிறேன். நீங்கள் என்னை எத்தனை தரம் நினைத்தீர்கள் என்று இனி எனக்கு எப்படித் தெரியும்?

முகத்தை அசைக்கிற ஏழாவது நரம்பு எட்டாவதோடு ஒரே எலும்பு ஓட்டைக்குள்ளால்தான் போகிறது. இப்போது அது கட்டியின் மேல் வாழைநார் மாதிரி நசுங்கி ஒட்டிக் கிடக்கிறதாம். கட்டியை முழுக்க வழித்தெடுத்தால் வலப்பக்க முகம் செத்துப்போகலாம். நரம்போடு ஒட்டிய துண்டை மட்டும் விட்டால் முகம் தப்பலாம், ஆனால் மிச்சம் திரும்பவும் வளரக்கூடும். காது எப்படியும் போனதுதான். எது வேண்டும் என்று டொக்டர் கேட்டார். முழுக்க எடுங்கள், முகம் போனால் போகட்டும், அதைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்றேன்.

டொக்டர் சிங்களவர். என் பேச்சைச் சிங்களத்தில் சொன்னது நுஸ்ரா என்ற பிள்ளை. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம், பிறந்தது நம் புத்தளத்தில். ஆபரேஷன் நேரத்தில் நரம்புக்குக் காவல் இருப்பதுதான் அவளுடைய வேலை. நான் கடைசியாகச் சொன்னதைத் தான் மொழிபெயர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பதிலாக என்னைத் தன் மெஷினிடம் கூட்டிப்போனாள். ஆபரேஷனில் கண்ணோரமும் வாயோரமும் மெல்லிய ஊசிகள் குத்தி வைப்பாளாம். டொக்டரின் கருவி ஏழாவதைத் தொட்டால் நான் உறக்கத்தில் இருந்தாலும் முகத் தசை துடிக்கும், மெஷின் சத்தம் போடும், டொக்டர் கையை நிறுத்துவார். அதற்காகவே தசையை அசையவிடாமல் செய்கிற மருந்தைக் கொடுக்காமல் உறங்கவைப்பார்களாம். காட்டுகிறேன் என்று என் கன்னத்தில் இரண்டு வயர்களை ஒட்டிவிட்டுச் சிரிக்கச் சொன்னாள். சும்மா சிரிக்க வரவில்லை. எதையாவது நினையுங்க ராத்தா என்றாள்.

நம் கலியாணத்தன்று நீங்கள் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ட்ரக்டரில் மாப்பிள்ளையாக வந்தது நினைவுக்கு வந்தது. அது மணலில் புதைந்தது, புதுச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்களே இறங்கித் தள்ளியது, ஜன்னல் இடுக்கால் நான் பார்த்தது. சுடு எண்ணெயில் றாலைப் போட்ட மாதிரி மெஷின் சடசடவென்று பொரிந்தது. இது நீங்கள் சிரிக்கிற சத்தம் என்றாள் நுஸ்ரா. என் சிரிப்பை என் இடது காதால் கேட்டேன் மச்சான். வெகுநேரம் அந்த அறையை விட்டு வரவே மனம் வரவில்லை.

திரும்பிப் போய், துண்டை விட்டுவிடுங்கள், எனக்கு முகம் வேண்டும் என்று டொக்டரிடம் சொன்னேன். மெஷின் விடுகிற வரைக்கும் போவேன், அது மறிக்கிற இடத்தில் நிற்பேன் என்றார். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். துஆச் செய்யுங்கள். றிஸ்மியாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

உங்கள் நினைவோடு,
ஃபாஹிமா

கண்டக்குழி,
2013 மார்ச் 21

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம். வலது கண் மூடுவதில்லை, அதனால் பிளாஸ்டர் ஒட்டி ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டி பெரும்பாலும் போய்விட்டது. கோது மாதிரி மெல்லிசாக ஒரு துண்டை விட்டிருக்கிறார்கள், வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏழு மணித்தியாலம் நுஸ்ரா எழும்பாமல் இருந்தாளாம். மெஷின் நாலு தரம் கத்தியதாம், நாலு தரமும் டொக்டர் கையை எடுத்தாராம். கடைசியில் தையல் போட முந்தி நரம்பைத் தொட்டுப் பார்த்தபோது, பலவீனமாகத்தானாம், ஆனாலும் பதில் சொல்லியிருக்கிறது. நரம்பு உயிரோடு இருக்கிறது, களைத்துப்போய் உறங்குகிறது, எழும்ப ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம் என்கிறார்கள். முழுக்க எழும்பும் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை.

இப்போது என் முகம் பாதிதான். தேத்தண்ணி குடித்தால் ஓரத்தால் வழிகிறது. றிஸ்மியா முதல் நாள் கிட்ட வரவில்லை. இரண்டாம் நாள் வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன்னுடைய பல் மாதிரி இதுவும் முளைக்குமா என்று கேட்டாள். இன்ஷா அல்லாஹ் என்றேன்.

கடிதம் கிடைத்து நீங்கள் மைனிக்குப் போன் எடுத்ததும், நோன்புக்கு முந்தி வருவதாகச் சொன்னதும் அறிந்தேன். என்னுடைய போட்டோ ஒன்று அனுப்பச் சொன்னீர்களாம். அனுப்ப மாட்டேன். போட்டோவைப் பார்த்துவிட்டு நீங்கள் வராமல் இருந்துவிட்டால், அதை எனக்குத் தாங்க முடியாது.

வாருங்கள். வந்ததும் என் இடப்பக்கம் வந்து நின்று ஸலாம் சொல்லுங்கள். உதடு இழுப்பதால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்குள் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஃபாஹிமா