விமானக் கோப்பையில் கை நனைத்தவர்

மாமா,

நேற்று பாக்கார் ஆராங் கடைத்தெருவில் ஒரு கடையில் பழைய விமானப் படம் போட்ட கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் புகைப்படம். இரட்டை இறக்கை விமானம், பக்கத்தில் தோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரர். ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். விலையைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்த கடைக்காரர், "கொறைச்சுத் தரேன்க்கா" என்றார். நான் உங்களை நினைத்தல்லவா சிரித்தேன்!

இதே மாதிரி ஆறு கோப்பைகள் எங்கள் பீடோங் ரப்பர் தோட்டத்து வீட்டு அலமாரியில் இருந்தன. அம்மா பட்டர்வொர்த்தில் ஒரு விமானப்படைக்காரர் வீட்டில் சமையல் செய்தார். அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியபோது கொடுத்துவிட்டுப் போனவை. அம்மா எங்களைத் தொடவே விடமாட்டார். உங்கள் மகனுக்காக நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் அவை முதன்முதலாக வெளியே வந்தன.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பினாங்கு பேக்டரியில் ஷிப்ட் வேலை. அதைச் சாக்காக வைத்தே முன்பு வந்த இரண்டு குடும்பங்கள் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்து போயிருந்தன. பேச்சு முடிவதற்குள் பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்றாகிவிடுமே, ஒரு வாய் தேநீரானாலும்! உங்கள் மகனையோ நான் மாதக்கணக்காக பஸ் நிலையத்தில் பார்த்துப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமலே மனத்தில் முடிவு செய்து வைத்திருந்தேன். இந்த இடமும் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன்.

தட்டோடு வந்தேன். வாசலில் நுழையும்போதே மூக்கைச் சுருக்கியவர் உங்கள் அக்கா. "ராத்திரி வேலைக்குப் போற பொண்ணு நமக்குச் சரிப்படாதுடா. யாரும் எதையும் தொடாதீங்க" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். ஆறு விமானங்களும் ஆவி பறக்க நின்றன. தட்டை உங்கள் முன்னால் நீட்டினேன்.

நீங்கள் ஒரு கோப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் பட்டர்வொர்த் போய், விமானத் தள வேலிக்கு வெளியே நின்று விமானம் இறங்குவதைப் பார்க்கும் மனிதர் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

"அடேங்கப்பா, ரெண்டு றெக்கை! இது என்ன பிளேனும்மா?"

"அடியில பேரு போட்டிருக்குங்க."

அடியைப் பார்க்க வேண்டுமென்றால் கோப்பையைக் காலி செய்யவேண்டுமே. கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தீர்கள். "ஓகோ, இதுதானா!" என்று தலையை வேறு ஆட்டினீர்கள்.

உங்கள் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி, கை நனைச்சிட்டியேடா!"

"ஐயோ, பிளேனப் பாத்ததுல மறந்தே போச்சுக்கா. ஆனது ஆச்சுலா. சம்பந்தி, தேதியப் பாருங்க."

அப்பா பஞ்சாங்கம் எடுக்க ஓடினார். அடுப்படியில் அம்மா அழுதேவிட்டார். பிளேனில் வந்த மருமகள் என்று தோட்டமே என்னைக் கேலி செய்தது. கோப்பைகளும் சீரோடு சீராக உங்கள் வீட்டுக்கு வந்தன. தினம் காலையில், "இன்னிக்கு எதுலம்மா பறக்கலாம்?" என்று கேட்டுத்தான் தேநீர் வாங்கிக் குடிப்பீர்கள்.

வருடங்கள் கழித்து உங்கள் பேரன் ஒரு கோப்பையைக் கவிழ்த்து, "தாத்தா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான்.

"தாத்தாவுக்கு இங்கிலீசு ஏதுடா? அம்மாவக் கேளு."

பிசைந்த மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். "மாமா, அப்ப அன்னிக்கு என்னத்தப் படிச்சீங்க?"

வசமாக மாட்டிக்கொண்டீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. "எங்கக்காவ எதுத்துப் பேச எனக்கு வாய் வராதும்மா. தேத்தண்ணி குடிக்க வரும். பய உன்னையே பாத்துக்கிட்டு இருக்கான், நீ அழுதுடுற மாதிரி நிக்கிற. நான் வேற என்ன செய்ய?"

என் கண் நிறைந்துவிட்டது. யார் மனமும் நோகாமல், எனக்காக அத்தனை பேர் நடுவில் அசடாக நடித்திருக்கிறீர்களே மாமா! அந்த வீட்டில் எனக்கென்று முதலில் கிடைத்த ஆள் நீங்கள்தான்.

நீங்கள் கண்மூடியபின், பெண் பார்க்கப் போகும் கூட்டத்தில் உங்கள் நாற்காலி எனக்கு வந்துவிட்டது. என் கல்யாணத்தின்போது அரைக்கால் சட்டையோடு திரிந்த உங்கள் கடைசி மகனுக்காகப் போன மாதம் கூலிம் போனோம். உங்கள் அக்கா, பல் போன பிறகும், பெண்ணின் உயரத்தில் குறை கண்டுபிடித்துவிட்டு, "யாரும் தொடாதீங்க" என்று கிசுகிசுத்தார். நான் பையன் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். இருவரும் தட்டையே பார்த்தபடி இருந்தார்கள்.

வெறும் கண்ணாடி டம்ளர்கள். பார்க்கப் படமில்லை, படிக்கப் பெயரில்லை. தாகமாக இருக்கிறது என்று சொல்லி, எடுத்துக் குடித்துவிட்டேன் மாமா.