கிண்ணத்தின் அடியில் வெள்ளை

9/6, திங்கள். நாள் முழுக்க மழை.

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கணும், நோட்டே. மணி பதினொன்றே முக்கால். அம்மு இப்போதுதான் தூங்கினாள். ஏழு மாசம், பல் வருகிறது, என் தோளெல்லாம் கடி.

இது கணேஷின் மீன் தொட்டி நோட்டு. முன்பக்கம் எண்கள் மட்டும். அவர் கப்பல் வேலைக்குப் போய்ப் பத்து நாள். இப்போது அங்கே என் எண்கள். பின்பக்கத்திலிருந்து எழுதுவது எனக்கு மட்டும்.

இன்று:
காரம் 6 (8 இருக்கணும்)
கால்சியம் 405 (420)
உப்பு ஓகே. சூடு 26.
அம்மு 7.4 கிலோ.

அவர் போன அன்று காரம் எட்டு. காரம், கால்சியம் இரண்டையும் தண்ணீரிலிருந்து எடுத்துத்தான் தொட்டியில் வளர்கிற பவளம் தன் கூட்டைக் கட்டுமாம். எடுத்ததைத் தினமும் நாம் திருப்பி ஊற்றணும். ஊற்றுகிறேனே! அவர் எழுதிவைத்தபடி: "காலை. A நாற்பது மில்லி, B நாற்பது மில்லி." A கால்சியம், B காரம். ஒரு நாள் விட்டதில்லை. பின்னே எங்கே போகிறது?

தட்டு மாதிரி இருக்கிற பெரிய பவளம் இரண்டு நாளாகச் சுருங்கிக் கிடக்கிறது. பயம்.

வாங்கணும்: டயப்பர், ராகி மாவு, வினிகர் (கெட்டிலில் வெள்ளையாய்ப் படிந்திருக்கு).

10/6, செவ்வாய்.

டபுள் டோஸ். எண்பது, எண்பது. தொட்டி பால் கலந்த மாதிரி மங்கி, அரை மணியில் தெளிந்தது. சுண்ணாம்புச் சத்து, வெள்ளையாகத்தானே இருக்கும்.

சாயங்காலம் டெஸ்ட். துளித் துளியாய் விட்டு, நீலம் மஞ்சளாகிற வரை எண்ணணும். துளிக்கு அரை. பதினோரு துளி. 5.5!! மறுபடி எடுத்தேன். பதினொன்று. கூட ஊற்றினால் குறைகிறதா?

மாமியார் போனில் தன் தங்கையிடம், எங்கள் கரமனைத் தெரு முழுக்கக் கேட்கும்படி: "எல்லாரும் கொழந்தைக்குப் பால் குடுப்பா. என் மாட்டுப்பொண்ணு கல்லுக்குன்னா குடுத்துண்டிருக்கா!"

"அம்மா, அது கல் இல்ல. உசிரு."

"உசிருன்னா அழணுமேடி. அழறதா?"

அழுதால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

11/6, புதன். மழை, கரண்ட் இரண்டு தடவை போச்சு.

கணேஷ் மெசேஜ். அங்கே நெட் எப்போதாவதுதான். "5.5-ஆ? விடு. உனக்கு அம்முவைப் பார்த்துக்கறதே போதும். வினோத்கிட்ட சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை வந்து பவளமெல்லாம் எடுத்துப்பான்."

திட்டியிருந்தால் பரவாயில்லை. பாவம் பார்த்துவிட்டார்.

பி.காம்., முதல் வகுப்பு. நாற்பது மில்லி ஊற்றத் தெரியாதவள்.

வினோத் அவருடைய மலையாளிச் சிநேகிதன், அவனிடமும் பெரிய தொட்டி. போன் பண்ணி, வரவேண்டாம் என்றேன். "சேச்சி, இது சேட்டன் பறஞ்ச காரியமல்லே? அவர் வேண்டாம்னா நான் வரல. இல்லேன்னா ஞாயிறு ஒம்பது மணிக்கு பக்கெட்டோட வருவேன்."

கொடுக்க மாட்டேன். எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று தெரியவில்லை. கொடுக்க மாட்டேன்.

12/6, வியாழன். மழை விட்டது!

அவசரத்தில் எழுத்தெல்லாம் கோணல்.

காலையில் அடுக்களையிலிருந்து மாமியார்: "ஏண்டி, இந்தக் கிண்ணத்தைக் கழுவவே மாட்டியா? பால் பவுடர் காஞ்சு அடியில பாறையா ஒட்டிண்டிருக்கு."

"நாம பால் பவுடரே வாங்கறதில்லையேம்மா."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அது தொட்டிக் கிண்ணம். அம்மு இடுப்பில், மிச்சம் ஒரே கை. அதனால் தினமும் A, B இரண்டையும் அந்த ஒரே கிண்ணத்தில் அளந்து ஒரேயடியாய்க் கவிழ்ப்பேன்.

கெட்டிலுக்கு வாங்கின வினிகரை விட்டேன். புஸ்ஸென்று நுரை. கெட்டிலில் வருமே, அதே நுரை. ஓடிப்போய் A பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால், எறும்பு எழுத்தில்: இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் கல்லாகிவிடும்.

பதிமூணு நாள்! பவளத்துக்குப் போகவேண்டியதைக் கிண்ணத்திலேயே கல்லாக்கி, மிச்சத்தைப் பொடியாகத் தொட்டியில் கொட்டியிருக்கிறேன். அது ஒன்றுமே சாப்பிடவில்லை. கூட ஊற்றினதில் பொடிதான் கூட.

அவரும் தனித்தனியாக என்று எழுதவில்லையே! தெரிந்தவர்கள் எழுதுகிற லட்சணம்.

அம்முவைத் தூக்கிச் சுற்றினேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. மாமியார்: "கிண்ணத்தைக் கழுவச் சொன்னா ஆடறா பாரு."

13/6, வெள்ளி. வெயில்.

அம்முவை மாமியாரிடம் விட்டுச் சாலை மார்க்கெட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் கடை. அளவுக் கப் இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம்.

"இருமல் மருந்துக்கா, அக்கா?"

"தொட்டிக்கு."

"இத வச்சா? தொட்டி நெறையதுக்குள்ள பேத்தி கல்யாணமே வந்துரும்லா."

காலை A, சிவப்புக் கப். சாயங்காலம் B, நீலக் கப், பம்ப் பக்கம், மெல்ல. இரண்டும் அறுபது மில்லிதான். அவசரப்பட்டு ஏற்றக்கூடாது, காரம் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் ஏறினால் பவளத்துக்கு ஆகாதாம். தண்ணீர் மங்கவே இல்லை.

டெஸ்ட்: பன்னிரண்டு துளி. 6!

சந்தோஷப்படாதே. ஒரு துளி தப்பாகவும் இருக்கலாம்.

14/6, சனி. லேசாகத் தூறல்.

பதிமூன்று துளி. 6.5. தப்பில்லை தப்பில்லை தப்பில்லை.

மத்தியானம் தட்டுப் பவளம் திறந்துவிட்டது. விளிம்பு முழுக்கப் பச்சைப் பொட்டு மாதிரிச் சின்னச் சின்ன வாய்கள், தண்ணீரோடு சேர்ந்து அசைகின்றன. மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றார். ரொம்ப நேரம்.

"கையை ஆட்டறதேடி."

"ம்."

"அந்தப் பையன் நாளைக்கு வந்தா காப்பியைக் குடுத்து அனுப்பிச்சுடு. பக்கெட்டைக் காலியாவே எடுத்துண்டு போட்டும்."

ஆனால் வினோத் கணேஷ் சொன்னால்தான் கேட்பான். ஆறு மணிக்கே மெசேஜ் அனுப்பினேன். இன்னும் ஒரே டிக். மறுபடி அனுப்பினதை இங்கே எழுதிவைக்கிறேன்:

"ரெண்டையும் ஒரே கிண்ணத்துல கலந்து ஊத்தியிருக்கேன், அதான் எறங்கித்து. தப்பு என்னோடது, பாதி உங்களோடதும். இப்போ தனித்தனியா ஊத்தறேன். 5.5, 6, 6.5. போட்டோ பாருங்க, தட்டு திறந்திருக்கு. வினோத் காலம்பற ஒம்பது மணிக்கு வரான். வேண்டாம்னு நீங்க அவன்கிட்ட சொல்லணும். நான் பார்த்துப்பேன், என்னால முடியும். நெட் கிடைச்ச உடனே பதில் போடுங்க."