கலண்டரில் கஜந்தினி

வில்லரே, மொன்றியல்
24 மாசி 2026, செவ்வாய்

என் அன்பு மகள் கஜந்தினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்கலாம் என்றால் ஒன்பது நாளாய் நீ எடுக்கிறாய் இல்லை. எடுக்காவிட்டாலும் வட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கிறாய் என்று அந்த நீலக் கோடுகள் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனபடியால் இதைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாய்ப் படம் பிடித்து அனுப்பப் போகிறேன். தமிழில் எழுதுகிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே. சனிக்கிழமை தோறும் அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இந்த ஒரு கடிதத்துக்காவது உதவட்டும். எழுத்துக்கூட்டி மெதுவாய் வாசி. இங்கிலீசில் எழுதினால் நீ இரண்டு நிமிடத்தில் வாசித்துவிட்டு இன்னும் கோபமாய் இருப்பாய்.

கார்டரியில், நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில், இப்போது பிள்ளைகளை நித்திரைக்குப் போட்டிருக்கிறோம். பதினாலு சின்னப் பாய், பதினாலு தலை. திரையை இழுத்துவிட்டதால் அறை முழுக்க நீல வெளிச்சம். வெளியே பனி சத்தமில்லாமல் கொட்டுகிறது. இந்த ஒன்றரை மணித்தியாலமும் நான் சுவரில் சாய்ந்து இருந்தபடி அரை நித்திரையில் கிடப்பேன் என்று உனக்குத் தெரியும். முந்தி அந்த அரை நித்திரையில் என்னென்னவோ வரும். இந்த இரண்டு கிழமையாய் ஒன்றே ஒன்றுதான் வருகிறது. யாரோ ஓடுகிற காலடிச் சத்தம். கிட்ட வருகிறது, கடந்து போகிறது, திரும்பவும் வருகிறது. கண்ணைத் திறந்தால் பிள்ளைகள் மூச்சு விடுகிற சத்தம். அது எங்கே கேட்ட சத்தம் என்று பேந்து சொல்லுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கலண்டர் கதையை நான் ஒருமுறை ஒழுங்காய்ச் சொல்ல வேண்டும். போனில் நீ என்னைச் சொல்ல விடவில்லை. போன ஆவணியில் நீ எல்லைக்கு அப்பாலுள்ள உன் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது தமிழ்ச் சங்கம் உன் ஓட்டத்துக்காக உனக்குப் பாராட்டு விழா வைத்தது. பலசரக்குக் கடை றஜிந்தன் தம்பி உனக்குப் பொன்னாடை போர்த்தினார், எல்லோரும் படம் எடுத்தார்கள். அது நடந்து மூன்று மாதம் கழித்து, கார்த்திகை மாதம், அவரும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். வருகிற வருடத்துக் கடைக் கலண்டரில் சாமிப் படத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் படத்தைப் போடலாமோ அக்கா, எங்கட சின்னனுகளும் பார்க்கட்டும் என்று கேட்டார். நான் ஓம் என்றேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. லட்சுமி நின்ற இடத்தில் என் பிள்ளை நிற்கப் போகிறாள் என்று கேட்டதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

போகும்போது தட்டத்தில் பழமும் வெற்றிலையும் வைத்து, அதன் மேல் காசு வைத்த ஒரு கடித உறையும் வைத்துத் தந்தார்கள். பிள்ளைக்கு எங்கட சந்தோஷம், வேண்டாம் எண்டு சொல்லிப் போடாதேங்கோ என்றார்கள். தட்டத்தில் வைத்துத் தருவதை எப்படி வேண்டாம் என்பது? இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாமியறையில் வைத்தேன். நம் ஆட்களுக்கு அது ஆசீர்வாதம். உன் பல்கலைக்கழகத்துக்கு அது விளம்பர ஒப்பந்தம். இரண்டும் ஒரே உறைக்குள் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தை பிறந்ததும் வில்லரேயில் நான் போன வீடெல்லாம் நீ நின்றாய். குசினிச் சுவரில், மருந்துப் போத்தலுக்கு மேலே, ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் மேலே, பொன்னாடையோடு சிரித்தபடி. கீழே 'ஓடி வாருங்கள்' என்று பெரிதாய் எழுதி அரிசியின் விலையும் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் கிழமை நாள் பார்க்க வந்த பெரியவர் தேதியை மறந்து உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மாதம் நான் கனவில் நடக்கிற மாதிரித்தான் நடந்தேன். பிறகு ரொறன்ரோவில் யாரோ அந்தப் படத்தை முகநூலில் போட்டு, உன் பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஒட்டிவிட, முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு மேலே வந்துவிட்டது.

உன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விதிகளைப் பார்க்கிற அதிகாரி பற்றிக் எனக்குப் போன் எடுத்தது உனக்குத் தெரியும். மரியாதையான மனுசன். என் பிரெஞ்சு கலந்த இங்கிலீசைப் பொறுமையாய்க் கேட்டார். நான் அவரோடு சண்டைக்குத்தான் போனேன், மறைக்கவில்லை. உங்கள் பந்தாட்டக்காரப் பையன்களுக்குப் பல்கலைக்கழகமே சம்பளம் கொடுக்கிறது, என் மகளோடு ஓடுகிற பிள்ளை சப்பாத்து விளம்பரத்தில் நிற்கிறாள், என் மகள் மட்டும் ஒரு அரிசிக் கடைக் கலண்டரில் நிற்கக் கூடாதோ என்று கேட்டேன். அவர் சொன்னார், நிற்கலாம், ஆனால் முதலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும், அவள் இங்கே உழைக்க முடியாத மாணவ விசாவில் இருப்பதால் இன்னும் கவனமாய்ச் சொல்ல வேண்டும், மொன்றியலில் எடுத்த படம்தானே, முன்கூட்டியே கேட்டிருந்தால் ஒரு வழி இருந்திருக்கும் என்று. கேட்டிருந்தால் சரியாம்.

நீ அங்கே போன முதல் வருடம் ஞாபகம் இருக்கிறதா? அப்போது நீ போனில் சொல்வதெல்லாம் காலைக் குளிர், மலைப் பாதை, மைக்கல் கோச் வைத்திருக்கும் பழைய விசில். இந்த வருடம் நீ சொன்னதெல்லாம் வேறு. யாருக்கு எவ்வளவு காசு, யார் கூடக் கிடைக்கும் என்று எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பாய்கிறார்கள், அணிப் பட்டியலில் இத்தனை பேர்தான் என்று கட்டளை வந்ததால் உன் அறைத் தோழி ஷெரோனை எப்படி வெட்டினார்கள். காசு வாங்காமல் ஆசைக்கு ஓடிய பிள்ளை அவள். அவளுடைய இடம் போன அன்று நீ அழுதாய். அந்தப் பிள்ளைகள் உழைப்புக்குக் காசு வாங்குவதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். எத்தனை வருடம் அவர்களின் முதுகில் மற்றவர்கள் உழைத்தார்கள். ஆனால் மைக்கல் கோச் இப்போது விசிலை விடக் கணக்குப் புத்தகத்தைத்தான் கூடப் பார்க்கிறார் என்று நீ சொன்னபோது எனக்கு அந்த மனுசனை நினைத்தும் கவலையாய் இருந்தது.

இனி உனக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன்.

பல்கலைக்கழகம் உனக்குத் தந்த அந்தப் படிவத்தில் மூன்று கேள்வி இருப்பதாகப் பற்றிக் சொன்னார். காசை வாங்கியது யார், உனக்கு அது தெரியுமா, காசு என்னவாயிற்று. கடைசிக் கேள்வியை நீ போனில் கேட்டபோது நான் அது செலவாகிப் போச்சு என்று மட்டும் சொன்னேன். நீ உடனே அப்பாவுக்கு வேலை போய்விட்டதோ, வாடகை கட்டவில்லையோ என்று பயந்தாய். அப்படி ஒன்றும் இல்லை. அப்பா புவாண்ட்-கிளேர் கிடங்குக்கு வழமை போலப் போய் வருகிறார், வழமை போல முழங்கால் நோகுது என்கிறார்.

அந்தக் காசில் நான் உன்னைப் பார்க்க வந்தேன்.

மாசி ஏழாம் தேதி, சனிக்கிழமை, உங்கள் உள்ளரங்கப் போட்டி. நீங்கள் வந்து பார்த்தால் எனக்குக் கால் ஓடாது அம்மா, வராதேங்கோ என்று நீ முதல் வருடமே சொல்லிவிட்டாய். நானும் ஓம் என்று சொல்லி மூன்று வருடம் காத்தேன். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அப்பா என்னை பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, அவளின்ரை கண்ணிலை பட்டிடாதையும் என்று ஒன்றுக்கு நாலு தரம் சொன்னார். எல்லையில் அதிகாரி ஏன் போகிறாய் என்று கேட்டார். மகள் ஓடுவதைப் பார்க்க என்றேன். மகளுக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். முத்திரை குத்திக் கடவுச்சீட்டைத் தந்தார்.

எல்லோருக்கும் மேல் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தேன். உங்கள் ஓட்டம் தொடங்க முன்னரே பாதிச் சனம் எழும்பிப் பக்கத்து மண்டபத்துக்குப் போய்விட்டது. அங்கே கூடைப்பந்தாம், காசு கொடுத்து எடுத்த புதுப் பையன் விளையாடுகிறானாம். என் பக்கத்தில் இருந்த ஒரு தகப்பன், இந்த ஓட்ட அணி இன்னும் எத்தனை வருடம் இருக்குமோ தெரியாது என்று பெருமூச்சு விட்டார். வெற்றுக் கதிரைகள்தான் கூட. அதனால்தான் காலடிச் சத்தம் அவ்வளவு துலக்கமாய்க் கேட்டது.

நீ ஓடினாய். பதினைந்து சுற்று என்றார்கள். நான் ஐந்தாவதிலேயே எண்ணிக்கையைத் தவறவிட்டேன். ஒவ்வொரு முறை என் பக்கம் வரும்போதும் உன் முகம் தெரியும், பிறகு தலைமயிர் மட்டும் தெரியும், பிறகு மற்றப் பக்கத்தில் ஒரு சின்ன நீலப் புள்ளி. அந்த முகத்தை நான் முந்திப் பார்த்ததே இல்லை, குஞ்சு. வீட்டில் நீ என்ன செய்தாலும் பாதி மனம் வேறெங்கோ இருக்கும். அங்கே முழுதாய் இருந்தாய். கலண்டரில் சிரிக்கிற பிள்ளை யாரோ, இது யாரோ என்று இருந்தது. யாரும் காசு கொடுக்கவில்லை, பாதிப் பேர் பார்க்கவும் இல்லை, நீ அதற்காக ஒரு அடி கூடக் குறைத்து வைக்கவில்லை. நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாவதாய் வந்தாய். நிலத்தில் மல்லாந்து கிடந்தாய். பட்டியலில் இருந்து வெட்டின ஷெரோன் பார்வையாளர் பக்கத்திலிருந்து ஓடி வந்து உனக்குத் தண்ணீர் கொடுத்தாள். என் கையிலும் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. நான் எழும்பவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கும், உனக்குக் கொடுத்த வாக்கும். திரும்பி வரும் பஸ்ஸில் முழு வழியும் அழுதேன், ஆனால் அது கவலை இல்லை.

பிள்ளைகள் புரளத் தொடங்கிவிட்டார்கள். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

புதன்

நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறேன். இன்று நேராய்ச் சொல்லுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அந்தப் படிவத்தில் காசை வாங்கியது யார் என்று எழுதி நீ கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், உதவிப்பணமும் போய்விடும். நீ கடைசியாய்ச் சொன்ன சொல் என் காதிலேயே நிற்கிறது. உங்களைக் காட்டிக் குடுத்திட்டு ஓடுற ஓட்டம் எனக்கு வேண்டாம், நான் வீட்டை வாறன் என்றாய். சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

அந்தச் சொல்லை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும். எங்கள் மேசையில்தான். ஊரில் சண்டை நடந்த அந்தக் காலத்தில் ஒரு காகிதத்தில் ஒரு பெயர் எழுதினால் ஒரு வீடு அழிந்தது. அப்பாவை மூன்று நாள் பிடித்து வைத்துக் கேட்டும் ஒரு சிநேகிதனின் பெயரைக் கூட அவர் சொல்லவில்லை என்ற கதையை நீ சோறு சாப்பிட்டபடி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாய். இங்கே அகதி விசாரணையில் கூட அவர் பெயர் சொல்லப் பயந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஆட்களைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் உனக்குச் சொல்லிக் கொடுத்தது சரிதான். எது காட்டிக் கொடுப்பது, எது உண்மையைச் சொல்வது என்று பிரித்துச் சொல்லித் தர மறந்துவிட்டோம். அது எங்கள் பிழை.

பற்றிக்கிடம் கேட்டேன், என் பெயரை எழுதினால் எனக்கு என்ன செய்வீர்கள் என்று. அவர் சிரித்தே விட்டார். உங்களுக்கு ஒன்றும் இல்லை, மேடம், நீங்கள் ஒரு தாய், கோப்பில் ஒரு வரி, அவ்வளவுதான் என்றார். அப்பாவும் கேட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்கு நான் சொல்லாமல் இருந்தது ஆட்களைக் காப்பாற்ற, இவள் சொல்லாமல் இருந்தால் ஆரைக் காப்பாற்றுறாள் என்று கேட்டார். பிறகு போய்ப் பனி தள்ளத் தொடங்கிவிட்டார்.

றஜிந்தன் தம்பிக்கும் சொல்லியாயிற்று. பாவம், அவருக்கு முகம் செத்துப் போச்சு. மிச்சக் கலண்டர்களை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். அந்தக் காசு முழுவதையும் இந்தச் சம்பளத்திலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன், காசு பெற்றதாக அவர் எழுதித் தந்த சிட்டையையும் இதோடு படம் எடுத்து அனுப்புகிறேன். மூன்றாவது கேள்விக்கு, தாய் என் ஓட்டத்தைப் பார்க்க எனக்குச் சொல்லாமல் வந்து போனாள் என்று எழுது. பஸ், ஒரு இரவு அறை, ஒரு கோப்பி. வெட்கப்படாமல் எழுது.

இன்னுமொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ வீட்டுக்கு வருகிறேன் என்றபோது என் வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வந்தால் உன் அறைக்கு வெப்பம் போடலாம், காலையில் உனக்குப் புட்டு அவிக்கலாம், ஐந்து மணிக்கு நீ கதவைத் திறக்கிற சத்தம் கேட்கும். அன்று இரவே அப்பாவிடம் சொன்னேன், அவள் வந்தால் நான் சந்தோஷப்படுவேன், அதுதான் எனக்குப் பயமாய் இருக்குது என்று. எனக்காக நீ இழந்த ஒன்றை நான் தினமும் மேசையில் எதிரே வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட முடியாது. அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன் கஜந்தினி. பார்க்காமல் இருந்திருந்தால் வா என்று சொல்லியிருப்பேன்.

ஆகவே உன் கையால் என் பெயரை எழுது. எழுதிக் கையெழுத்து வைத்துப் பற்றிக்கிடம் கொடு. கொடுத்துவிட்டு உடனே எனக்குப் போன் எடுக்காதே, முதலில் பயிற்சிக்குப் போ. உன் கால்களையும் உன் மூச்சையும் எந்தத் தெய்வம் தந்ததோ அது உன்னோடு இருக்கட்டும்.

படிவத்தில் தாயின் பெயர் முழுதாய்க் கேட்பார்கள். இப்படி எழுது:

சிவாஜினி யோகேந்திரன்.